மடியில் கட்டிய ஓணான்

இரண்டாவது மொரீஷியஸ் பயணத்துக்கான குறிப்பேடு மூன்று வாரமாக மேசைமேல் திறந்தபடி கிடக்கிறது. விடுப்பு விண்ணப்பம், விமானத் தேதி, டார்ச்சுக்கு பேட்டரி, மழைச்சட்டை எல்லாம் எழுதியாயிற்று. ‘பார்க்க வேண்டியவை’ என்று அடிக்கோடிட்ட பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. போன முறை அந்தப் பக்கத்தைத்தான் முதலில் நிரப்பினேன். 17 பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இடம், நேரம், வெயிலா நிழலா என்ற குறிப்பு. பாம்பும் பல்லியும் தவளையும் தேடி ஊர் ஊராக அலைகிறவர்களுக்கு இந்தப் பட்டியல்தான் ஜாதகம். கட்டம் போடாமல் கிளம்பமாட்டோம். இப்போது பேனாவை எடுக்கும்போதெல்லாம் மாஹேபூரில் ஒரு பாட்டியின் சமையலறை நினைவுக்கு வந்து கை நின்றுவிடுகிறது.

பாட்டி என்னுடைய பாட்டி இல்லை. கோவையில் என்னோடு விடுதியில் தங்கிப் படித்த மொரீஷியஸ் பெண்ணின் பாட்டி. அந்தப் பெண்ணின் வீட்டு மொழி, பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல். தமிழைப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அதனால் அவள் பேசுவது அச்சடித்த தமிழ். விமான நிலையத்தில் என்னைக் கண்டதும், “அக்கா, தங்கள் வருகையால் பெரிதும் மகிழ்ந்தோம்” என்றாள். விடுதியில் இதற்காக அவளைக் கேலி செய்திருக்கிறோம். அவள் ஊரில், அவள் மாற்றித் தந்த ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்தபோது கேலி வரவில்லை. 1998இல் புதிதாக அடித்த நோட்டுகளில் தமிழ் இந்திக்குக் கீழே இறங்கிவிட்டது என்று அந்தத் தீவின் தமிழர்கள் கொதித்தெழுந்து, நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்கள். நம் ஊரில் நோட்டின் பின்பக்கத்துச் சிறு எழுத்தை நான் கடைசியாக எப்போது படித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

பட்டியலின் முதல் வரி

முதல் வரியில் இருந்தது வட்டத் தீவு போவா என்ற பாம்பு. மொரீஷியசின் வடக்கே சுமார் 22 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் நிற்கும் எரிமலைப் பாறை வட்டத் தீவு. பக்கத்திலேயே பாம்புத் தீவு என்று இன்னொன்று இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் பாம்புத் தீவில் பாம்பு கிடையாது. வட்டத் தீவு வட்டமும் கிடையாது, அங்கேதான் பாம்பு. பழைய வரைபடக்காரர்கள் பெயரை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று ஊரில் சொல்லிச் சிரிக்கிறார்கள். இந்தப் போவாவின் மேல்தாடை எலும்பு நடுவில் இரண்டாகப் பிரிந்து, கீல் வைத்ததுபோல மடங்கும். இன்று வாழும் வேறெந்த முதுகெலும்புள்ள பிராணிக்கும் இப்படி ஒரு தாடை இல்லை. வழுக்கிக்கொண்டு ஓடும் அரணையைக் கவ்விப் பிடிப்பதற்கு உதவும் அமைப்பு என்கிறார்கள். அதே தீவில் இதற்கு ஒரு சொந்தக்காரப் பாம்பு இருந்தது, மண்ணுக்குள் புதைந்து வாழ்ந்தது. கடைசியாக அதை யாரோ பார்த்தது 1975இல். தீவில் விட்டிருந்த ஆடுகளும் முயல்களும் செடிகொடியைத் தின்று, மழை மண்ணை அடித்துக்கொண்டு போய், புதைவதற்கு மண்ணே இல்லாமல் போயிற்று. ஆடுகளை 1979இலும் முயல்களை 1986இலும் ஒழித்துவிட்டார்கள். ஒரு பாம்புக்கு அது தாமதம், இன்னொன்றுக்கு இல்லை.

வட்டத் தீவில் பொதுமக்கள் கால்வைக்க முடியாது. தெரிந்தேதான் முதல் வரியில் எழுதினேன். தோழியின் சித்தப்பா பல ஆண்டுகள் அந்த வடக்குத் தீவுகளுக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிப்போகும் படகில் வேலை பார்த்தவர் என்பது என் கணக்கு. யாரையாவது பிடித்து, எதையாவது சொல்லி, ஒரு இரவு. நம் ஊரில் காட்டுக்குள் போக வழி பண்ணித் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை.

மற்ற வரிகளில் பகல் பல்லிகள். பச்சையும் நீலமும் சிவப்பும் பூசிக்கொண்டு வெயிலில் திரியும் பல்லிகள் இவை. பூவில் தேன் குடிப்பவை. மலைக்காட்டில் ரூசியா என்றொரு கொடி இருக்கிறது. அதன் பூவில் மகரந்தம் மாற்றுவதும் பழத்தின் விதையைப் பரப்புவதும் நீலவால் பகல் பல்லிதான். நம் வீட்டுச் சுவர்ப் பல்லியை ஒரு பூவோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள், முடியாது. தவளைக்கென்று ஒரு பத்தி ஒதுக்கி, பிறகு அடித்துவிட்டேன். கடலுக்கு நடுவே எரிமலையாக எழுந்த தீவுகள். உப்புநீரைத் தாண்டித் தவளை வந்து சேரவில்லை. சொந்தத் தவளை ஒன்றுகூட இல்லாத நாடு.

வேலியில் போனது

முதல் நாள் காலை, வீட்டு வேலியில் செம்பருத்திக் கிளைமேல் முதல் ஊர்வனம். தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, தொண்டை சிவக்க. ஓணான். ராஜபாளையத்தில் நான் ஓடிய தெருவெல்லாம் என்னோடு ஓடிய அதே ஓணான். ராமர் தண்ணீர் கேட்டபோது சிறுநீரைக் கொடுத்தது என்று ஒரு கதையைச் சொல்லி, அதற்குத் தண்டனையாக எத்தனை கல்லெறிந்திருக்கிறோம். அதைப் பார்ப்பதற்காகவா இரண்டு ஆண்டு சேமிப்பைச் செலவழித்து வந்தேன்?

“எங்கள் ஊரில் இதைக் காமேலியோன் என்போம்” என்றாள் தோழி. பச்சோந்தி. நம் ஊரிலும் பாதிப் பேர் ஓணானையும் பச்சோந்தியையும் ஒன்றாக்கித்தான் பேசுகிறார்கள் என்பதால் திருத்தவில்லை.

அன்று இரவு சாக்கடையோரம் கரகரவென்று கத்தல். நுணல் தன் வாயால் கெடும் என்பது சரிதான், இரண்டே நிமிடத்தில் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துவிட்டேன். பருத்த தேரை. சொந்தத் தவளை இல்லாத நாட்டில் இது ஆப்பிரிக்கத் தேரை. கரும்பைத் தின்னும் வண்டுகளை ஒழிக்கும் என்று 1922இல் கொண்டுவந்து விட்டார்கள். 1927இல் இங்கிருந்து பக்கத்துத் தீவான ரெயூனியனுக்கும் போயிற்று. எந்த ஊர்த் தேரை என்று மரபணுவைச் சோதித்துப் பார்த்தபோது தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகப் பக்கத்தைக் காட்டியது. வண்டுக்காகத் தேரை. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு குத்துதே குடையுதே என்று புலம்பிய கதையை நாம் பழமொழியாகத்தான் வைத்திருக்கிறோம். இங்கே அதையே வேளாண்மைத் திட்டமாக நடத்தியிருக்கிறார்கள்.

குறிப்பேட்டில் முதல் நாள் பதிவு இப்படி ஆயிற்று: ஓணான் 3, தேரை 5, வீட்டுப் பல்லி எண்ணவில்லை. பட்டியலில் இருந்தவை பூச்சியம்.

இரவுச் சாப்பாட்டில் எனக்கு நாக்கில் சனி. ஓணான் ரெயூனியனுக்கு 1865 வாக்கில் ஜாவாவிலிருந்து கரும்புக் கட்டுகளோடு வந்தது, மொரீஷியசில் 1900 வாக்கில் பரவியது என்றெல்லாம் படித்ததை ஒப்பித்துக்கொண்டே வந்து, “கரும்புக்காகத்தானே எல்லோரும் வந்தோம், ஓணானும் நம் ஆட்களும்” என்று சொல்லிவிட்டேன். மேசையில் யாரும் எதுவும் பேசவில்லை. தோழி நீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: “அக்கா, இந்த உவமையை நான் பள்ளிப் பருவத்திலேயே கேட்டுவிட்டேன். சொன்னவர்கள் எங்கள் நண்பர்கள் அல்லர். வேறு ஏதேனும் சொல்லுங்கள்.” அச்சடித்த தமிழில் வாங்கும் அடி தனி வலி. அந்த வீட்டாரின் மூதாதையர் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கட்டடக் கைவினைஞர்களாக, கரும்புக் கூலிக்கு ஆள் சேர்க்கும் காலத்துக்கு முன்பே வந்தவர்கள் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவள் அதைக்கூடச் சொல்லிக்காட்டவில்லை.

கிஃபேர்?

மறுநாள் சித்தப்பா வந்தார். தமிழ் அவருக்குத் தேவாரம் பாடும் அளவுக்கு மட்டும் வரும், மற்றதெல்லாம் கிரியோல். தோழி நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். நான் என் குறிப்பேட்டைத் திறந்து முதல் வரியைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு ஒரே சொல் கேட்டார்: “கிஃபேர்?” ஏன்?

பதில் என்னிடம் நிறைய இருந்தது. தாடை, உலகத்தில் வேறெங்கும் இல்லாத குடும்பம், சிறு வயதிலிருந்து ஆசை. தோழி ஒவ்வொன்றாக மொழிபெயர்க்க, அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு, அதே சொல்லை மறுபடி கேட்டார். கோபமெல்லாம் இல்லை. கடைக்காரர் “வேறு?” என்று கேட்பதுபோல. பிறகு அவரே பாம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். முட்டையிலிருந்து வந்த குட்டி செவ்விளநீர் நிறத்தில் இருக்கும், வளர வளர மங்கும். பகலில் கருத்துக் கிடப்பது இரவில் வெளிறிவிடும். 2012இல் 60 பாம்புகளைக் குவான் த மீர் தீவுக்கு மாற்றினார்கள். ஒரு தீவில் ஏதாவது நேர்ந்தாலும் இன்னொன்றில் இருக்கட்டும் என்று.

நேர்ந்தது என்றால் என்ன மாதிரி என்று கேட்டேன். தட்டைத் தீவைச் சொன்னார். சுற்றுலாப் படகுகள் போய்வரும் தீவு. அங்கே மட்டும் ஆரஞ்சு வால் அரணை ஒன்று இருந்தது. 2010இல் எப்படியோ ஒரு பிராணி ஏறிவிட்டது. எப்படி என்று யாருக்குத் தெரியும், எந்தப் படகில், எந்த மூட்டையில். அதற்கு முன்பே அரணைகளில் சிலவற்றைக் குவான் த மீருக்கு மாற்றியிருந்தார்கள், அதனால் அந்த இனம் பிழைத்தது. தட்டைத் தீவில் இப்போது அது இல்லை. என்ன பிராணி என்று கேட்டேன். தோழிக்குத் தமிழ்ச் சொல் வரவில்லை. எழுந்து போய், பூஜை மாடத்தில் பிள்ளையார் படத்தின் கீழே விரலை வைத்துக் காட்டினாள்.

மூஞ்சூறு.

பரணில் இருந்த பை

அடுத்த நாள் நான் போகவிருந்தது கொக்குத் தீவு, அதாவது இல் ஓ ஏக்ரெட்; மாஹேபூர்க் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. வழிகாட்டியோடு யாரும் போகலாம். சித்தப்பா என் பையைக் கேட்டார். சோதிக்கச் சொல்லி யாரும் அவரை நியமிக்கவில்லை; பழக்கம். வட்டத் தீவுக்குப் போகிறவர்களின் ஒவ்வொரு சாமானையும் மூடிய அறையில் கொட்டி, உதறி, இறுக்கமான பெட்டியில் அடைப்பார்களாம். கதவையும் சன்னலையும் சாத்திவிட்டு, தரையில் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போட்டு, என் பையை அதன்மேல் கவிழ்த்தார். காலுறைகளைத் திருப்பி உதறினார். காலணி அடிப்பள்ளத்தில் சிக்கியிருந்த மண்ணைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டினார். நான் கொண்டுவந்திருந்த பாம்புக் கொக்கியைப் பார்த்து மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். விஷப்பாம்பே இல்லாத தீவில் அது எதற்கு? (இரவில் இலைச் சருகுக்குள் கைவிட இங்கே பயமில்லை என்று மூளைக்குத் தெரிகிறது. கை ஒப்பவில்லை. சுருட்டை விரியன் உள்ள ஊரில் வளர்ந்த கை.)

கடைசியாக, கேமரா முக்காலியின் துணி உறை. மதுரை வீட்டில் ஆண்டு முழுவதும் பரணில் கிடப்பது. அடித் தையலின் மடிப்புக்குள் விரலை விட்டு, மெதுவாக வெளியே எடுத்து விரிப்பில் வைத்தார். இரண்டு வெள்ளை முட்டைகள். பட்டாணி அளவு. வீட்டுப் பல்லி முட்டை.

பல்லியைப் பற்றி எனக்குத் தெரியாததா? எத்தனை பள்ளிகளில் போய்ப் பேசியிருக்கிறேன், அது விஷமில்லை, பாலில் விழுந்தால் சாகமாட்டீர்கள், பூச்சியைத் தின்னும் நண்பன் என்று. முட்டை ஓடு கெட்டியானது, காய்ந்துபோகாது, மரச்சாமானிலும் மூட்டையிலும் வாரக்கணக்கில் பயணம் செய்யும் என்பதும் தெரியும். ஒரு முறை இணைந்த பெண் பல்லி பிறகு ஆண் துணையின்றியே நெடுநாள் கழித்தும் முட்டையிடும் என்பதும் தெரியும். இந்த வீட்டுப் பல்லி பரவிய மொரீஷியசின் பெருநிலத்தில் அந்த ஊரின் இரவுப் பல்லிகள் ஒளிந்துகொள்ளும் பொந்துகளை இழந்து அற்றுப்போயின, சின்னச் சின்னத் தீவுகளில்தான் மிஞ்சியிருக்கின்றன என்பதையும் படித்திருந்தேன். படித்தது ஒரு பக்கம். என் பை ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்து நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

முட்டைகளை என் உள்ளங்கையில் வைத்தார். தோழி மொழிபெயர்த்தாள்: “நீங்களே முடிவு செய்யுங்கள் என்கிறார்.”

“இங்கேதான் சுவருக்குப் பத்துப் பல்லி இருக்கிறதே. இரண்டு கூடினால் என்ன ஆகிவிடும்?” என்றேன். அசட்டுக் கேள்வி என்று சொல்லும்போதே தெரிந்தது. அவர் பதில் சொல்லாமல் பையைச் சுட்டிக்காட்டி, சன்னல் பக்கம், கடலைச் சுட்டிக்காட்டினார். இந்த வீட்டில் இந்த இரண்டு முட்டைகளுக்கு ஒரு பொருளும் இல்லை. தண்ணீரைத் தாண்டி வேறொரு பாறையில் இறக்கினால் கதை வேறு. நடுவே இருப்பது என் பை ஒன்றுதான். இவ்வளவு தெரிந்தும், உள்ளங்கையை மூட எனக்கு மனம் வரவில்லை. பல்லியைக் கொன்றால் பாவம் என்று வளர்த்தார்கள். நானும் அந்தப் பாவத்தை அறிவியலாக மொழிபெயர்த்து இருபது வருடம் பிரசங்கம் செய்தவள்.

அறைக்குள் வெகுநேரம் என்ன செய்கிறோம் என்று பாட்டி வந்து பார்த்தார். அவர் பல்லி சத்தம் கேட்டால் விரலால் தரையைத் தட்டி “கிருஷ்ணா கிருஷ்ணா” சொல்லும் ஆள். நான் வந்த அன்று நான் ஏதோ சொல்லி முடித்ததும் பல்லி கத்த, “சத்தியம்” என்று தமிழிலேயே சொன்னவர். பேத்தி விஷயத்தைச் சொன்னாள். பாட்டி என் கையிலிருந்து இரண்டையும் எடுத்துக்கொண்டார். சமையலறையில் பருப்பு வடைக்கு மாவு அரைத்து வைத்திருந்தது, பக்கத்து அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு பழைய டம்ளரில் வெந்நீர் ஊற்றி, முட்டைகளைப் போட்டு, மேலே தட்டை வைத்து மூடினார். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, எனக்காகத் தேடித் தேடித் தமிழில் சொன்னார்: “காஞ்சிபுரத்தில் தொட்டிருக்கிறேன்.”

வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டால் பல்லி தோஷம் எல்லாம் போய்விடும். எப்போதோ தமிழ்நாட்டுக்குக் கோயில் சுற்ற வந்தபோது தொட்டாராம். முன்கூட்டியே கட்டிவைத்த தவணைபோல அதை அன்று எடுத்துச் செலவழித்தார். மாவில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி என்னை அடுப்படியிலேயே நிறுத்திக்கொண்டார். பத்து நிமிடம் கழித்துப் பெருமையாக நான் தட்டிய வடை பிய்ந்துபோனது.

அதன் பிறகு

கொக்குத் தீவில் டெல்ஃபேர் அரணையைப் பார்த்தேன். வட்டத் தீவிலிருந்து கொண்டுவந்து விட்ட பெரிய அரணை, கொஞ்சமும் பயமில்லாமல் என் காலணி நுனிவரை வந்து நக்கிப் பார்த்தது. அரணை கடித்தால் மரணம் என்று நம் ஊரில் சொல்வது நினைவுக்கு வந்தது. இந்தத் தீவில் அது தலைகீழ். அந்த அரணைகளுக்கு அங்கேயும் பெரிய தொல்லை மூஞ்சூறுதான். அந்தச் சின்னத் தீவிலிருந்து அதை ஒழிக்க முயன்று முடியாமல் போயிருக்கிறது. நான் குனிந்து அரணையைப் படம் எடுக்கவில்லை. முக்காலியைக் கொண்டுபோகவே இல்லை.

ரெயூனியனில் மூன்று நாள். தெற்குக் கடற்கரையில் மனாபனி என்ற இடத்தில், தாழையின் உறவான வாக்வா மரத்து ஓலையில் மனாபனிப் பச்சைப் பல்லி கண்டேன். சில கிலோமீட்டர் நீளக் கடலோரம்தான் அதற்கு உலகம். பக்கத்து வீடுகளில் அதற்காகவே வாக்வா நட்டு வளர்க்கிறார்கள். சிறுத்தைப் பச்சோந்தியும் பார்த்தேன். மடகாஸ்கரிலிருந்து வந்து அங்கே நிலைத்துவிட்டது. அதற்கு ரெயூனியன் கிரியோலில் ‘தூங்குமூஞ்சி’ என்று பெயர். பச்சோந்தி என்ற பெயரை அங்கேயும் ஓணான் தட்டிக்கொண்டு போய்விட்டது. பட்டியலில் 17இல் 6 ஆயிற்று. முன்பென்றால் இந்த எண்ணிக்கை தூக்கத்தைக் கெடுத்திருக்கும்.

என்னை அரிப்பது வேறு. சித்தப்பாவின் “கிஃபேர்”க்கு இன்றுவரை ஒரு நேர்மையான பதில் என்னிடம் இல்லை. போவாவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை குறைந்துவிட்டதா என்றால், இல்லை. சொல்லப்போனால் செவ்விளநீர் நிறத்தைக் கேட்ட பிறகு கூடியிருக்கிறது. அந்தப் படகில் யாரையாவது பிடித்திருந்தால், பை உதறாமல் ஏறியிருப்பேனா என்று கேட்டுக்கொண்டால், ஏறியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அவசரத்தில், இரவில், மறைந்து போகிறவர்கள் பையை விரிப்பில் கொட்டுவதில்லை. அதனால்தான் இந்த முறை முதல் வரி எழுத வரவில்லை. எழுதினால், எழுதியதற்காகவே ஒரு வழி தேட ஆரம்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

நேற்றுச் சாமான் பக்கத்தில் மட்டும் மூன்று வரி சேர்த்தேன். புதுப் பை, பரணில் வைக்கக் கூடாது. வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்று. பழைய பல் துலக்கும் பிரஷ். கொக்கியை அடித்துவிட்டேன். அக்டோபர் கடைசியில் போனால் வெயில் ஏறியிருக்கும், புயல் காலம் தொடங்கியிருக்காது. நீலவால் பல்லியும் ரூசியாக் கொடியும் சேர்ந்து இருக்கும் மலைச்சரிவில் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்று ஒரு எண்ணம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தோழியிடமிருந்து செய்தி வந்தது. “அக்கா, தாங்கள் மீண்டும் வருவது அறிந்து பாட்டி மிக்க மகிழ்ச்சி அடைந்தார். வரும்போது உங்கள் ஊர்க் கனகாம்பரத்தின் விதை ஒரு பிடி கொண்டுவரச் சொல்கிறார். வேலியோரம் விதைப்பாராம். வேண்டாம் என்பதை நான் எப்படிச் சொல்வது? தாங்களே சொல்லிவிடுகிறீர்களா?”

இன்னும் பதில் அனுப்பவில்லை.